கீழ்த்தளத்துக்கு நேரில் வரவும்

உங்கள் அறை நல்ல கதகதப்பாக இருக்கிறது, விசாரணை அதிகாரி அவர்களே. எங்கள் கீழ்த்தளத்தில் பதினெட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது, இயந்திரங்களுக்கு ஆகாது. பதினான்கு வருடமாக நான் உள்ளே கோட்டு போட்டுக்கொண்டும் வெளியே அதைக் கழற்றிக்கொண்டும் வாழ்கிறேன்.

என் பெயர் இக்னாட் வெல்கோவ். ஆஸ்பத்திரியின் கோப்புகள் எல்லாம் கிடக்கும் பொதுச் சர்வரைப் பார்த்துக்கொள்பவன். நோயாளிகளின் பழைய குறிப்புகள், ஸ்கேன்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் அதில்தான். மேலே நான்கு மாடியில் முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். கீழே நானும் ஒரு குளிரூட்டியும். எல்லாம் ஒழுங்காக ஓடினால் என்னைத் தேடி ஒருவரும் வர வேண்டியதில்லை. நானோ வேலையை ஒழுங்காகச் செய்பவன்.

மூன்று வருடம் முன்பு ஒரு கால்பந்து வீரனின் முழங்கால் ஸ்கேன் சோபியா நகரப் பத்திரிகையில் வந்துவிட்டது. நிர்வாகம் பதறியது. யார் எந்தக் கோப்பை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று தானாகவே கண்காணிக்கும் விதிகளை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஒருவர் ஒரு நாளில் நாற்பது கோப்புக்கு மேல் திறந்தால் அவருடைய அனுமதி பூட்டிக்கொள்ளும். ரகசியம் கசிந்ததே தொலைபேசியில் கடவுச்சொல் கேட்டு வாங்கித்தான் என்பதால், பூட்டைத் திறக்க அடையாள அட்டையோடு கீழ்த்தளத்துக்கு நேரில் வர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். இயக்குநர் பாராட்டினார். அந்த வரிக்குக் காரணம் கசிவு மட்டும்தான், அப்போது.

முதல் வாரத்தில் பதினொரு பேர் வந்தார்கள். திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். தலைமைச் செவிலி ஸோர்னிட்சா, "உம்ம பூட்டுல இடி விழ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, குளிரைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், இங்கயா குடியிருக்கீரு?" என்று கேட்டார். மறுநாள் எனக்கு ஒரு பன் கொண்டுவந்தார். இரண்டாவது மாதம் எல்லாரும் எச்சரிக்கையாகிவிட்டார்கள், வருவது நின்றுபோனது. அந்த நிசப்தத்தை என்னால் தாங்க முடியவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே ஆளுக்கொரு எண்ணிக்கை வைத்தேன். நாற்பது என்பது காகிதத்தில் இருந்தது. இயந்திரத்துக்குள்ளே, எலும்பு டாக்டருக்குச் செவ்வாயன்று பன்னிரண்டு, ஸோர்னிட்சாவுக்கு வெள்ளியன்று ஒன்பது. நேரம் போட்டுக் காபி வைத்துக் காத்திருப்பேன். யாருக்கும் கெடுதல் இல்லை, வந்து போக ஐந்து நிமிடம். மாடி ஏறி இறங்குவது உடம்புக்கும் நல்லது.

டாக்டர் மில்கானா ஸ்தோயேவாவுக்கு நான் அடிக்கடி பூட்டு போட்டதில்லை. அவசரப் பிரிவுக்காரர் என்பதால் மாதத்துக்கு ஒருமுறைதான். கோபிக்காமல் வருவார். என் அம்மா இறந்தபோது இந்த ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் வந்துபோன நாளில் நான் வீட்டில் சமைத்துச் சாப்பிடுவேன். மற்ற நாளில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

இனி டிசம்பர் இருபதுக்கு வருகிறேன். புனித இக்னாட்டின் திருநாள், அந்தப் பெயர் வைத்த எனக்குப் பெயர் நாள். நமது வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, தாமாக வர வேண்டும். அன்றைக்கு முதலில் வாசலைத் தாண்டுபவர் எப்படியோ, அந்த வருடமும் அப்படி. முந்தின வருடம் என் வாசலை முதலில் தாண்டியவர் எலி மருந்து வைக்க வந்த ஆள். அந்த வருடம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதனால் சென்ற டிசம்பர் இருபதாம் தேதி காலை, டாக்டர் மில்கானாவின் எண்ணிக்கையை ஒன்றாக்கினேன். மேசையில் பூசணி வைத்துச் சுட்ட பனிட்சா, வால்நட், கொஞ்சம் ஒயின் வைத்தேன். ஒன்பது பத்துக்கு அவருடைய அனுமதி பூட்டிக்கொண்டது. தொலைபேசி நான்கு முறை அடித்தது. நான் எடுக்கவில்லை. நேரில் வர வேண்டும் என்பது விதி.

ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"இக்னாட், சீக்கிரம் திறந்து விடுங்க. மேல ஒருத்தர் நினைவில்லாம கெடக்காரு, கூட ஆளும் இல்ல. பழைய குறிப்பைப் பாக்கணும்."

"இன்னிக்கு என் பேர் நாள், டாக்டர். நீங்கதான் முதல் ஆள். உக்காருங்க."

"நல்லா இருங்க. ஆனா உக்கார நேரமில்லப்பா."

"முதல்ல வர்றவங்க உக்காரலன்னா கோழி அடை காக்காதே, டாக்டர்."

"நீங்க எங்க கோழி வளக்குறீங்க? சர்வர்தானே வளக்குறீங்க," என்று சொல்லி, அவர் பதற்றத்திலும் சிரித்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஒரு துண்டு பனிட்சாவும் எடுத்தார். என் வருடம் அங்கேயே நேராகிவிட்டது என்று நினைத்தேன்.

பூட்டைத் திறக்க ஒரு பொத்தான் போதும். இயந்திரம் மெதுவாக இருக்கிறது என்று சொன்னேன். ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். நான்கு தடவை எழுந்தார், நான்கு தடவையும் "இதோ" என்றேன்.

அந்த நோயாளி பேருந்துப் பணிமனையில் வெல்டர், பெயர் டோமா கிர்கோவ். அவருக்கு ஒரு மருந்து ஆகாது என்று பழைய குறிப்பில் இருந்தது. மேலே இருந்த இன்னொரு டாக்டர், பழைய கோப்புகளைத் திறக்க அனுமதி இல்லாத பயிற்சிக்காரர், காத்துப் பார்த்துவிட்டு அதே மருந்தை ஊசியில் போட்டார். டாக்டர் மில்கானா மாடி ஏறியபோது எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணையில், நோயாளியை விட்டுவிட்டு எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். அனுமதி பூட்டிக்கொண்டது என்றார். யார் எதைத் திறந்தார் என்ற பதிவேட்டை என்னிடம் கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி கொடுத்திருந்தால், ஒரே ஒரு கோப்புக்குப் பூட்டியது தெரிந்திருக்கும். விதியையே தூக்கி எறிந்திருப்பார்கள், அப்புறம் கீழே ஒருவரும் வரப்போவதில்லை. ஆகவே அன்று காலை அவர் தமக்குச் சம்பந்தமில்லாத நாற்பத்தொரு பேரின் கோப்புகளைத் திறந்ததாகப் பதிவை மாற்றினேன். அரை மணி நேர வேலை. ஊரார் குறிப்பைப் படித்துப் பொழுதுபோக்கும் டாக்டர் என்று பத்திரிகை எழுதியது. அவர் மறுத்தார். இயந்திரம் பொய் சொல்லாது என்று எல்லாருக்கும் தெரியும்.

நீதிமன்றத்துக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனேன், அவருக்குப் பின்னால் இரண்டாவது பெஞ்சில். முதலில் நிறைய பேர் வந்தார்கள். கோடைக்குள் நான் மட்டும் மிஞ்சினேன். "எல்லாரும் கழண்டுட்டாங்க, இக்னாட். நீங்க ஒருத்தர்தான் விடாம வர்றீங்க," என்றார். எதிர்த்த கடையில் அவரைக்கொட்டை சூப் சாப்பிடுவோம். தம் பங்கு மிளகாயை என் தட்டில் வைப்பார். என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் அவை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வாரம் தீர்ப்பு வந்துவிட்டது. நிறுத்திவைத்த சிறைத்தண்டனை, மூன்று வருடம் மருத்துவம் பார்க்கத் தடை. ஜெர்மனியில் காஸலுக்குப் பக்கத்தில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை கிடைத்திருக்கிறதாம். இருபது வருடம் உயிரைக் காப்பாற்றிய கைகள். என்னிடம் சொல்லும்போது அழுதார். நானும் அழுதேன்.

இந்த டிஸ்கில் உண்மையான பதிவேடு இருக்கிறது, மாற்றியதற்கு முந்தையது. ஆளுக்கொரு எண்ணிக்கை வைத்த பட்டியலும் இருக்கிறது. எல்லாம் என் கைவேலை. யாரும் தூண்டவில்லை, யாருக்கும் தெரியாது. டோமா கிர்கோவ் செத்தது என்னால். டாக்டர் மில்கானாமேல் பழி விழுந்ததும் என்னால். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். அவருடைய பெயர் சுத்தமாக வேண்டும், அதற்காகத்தான் வந்தேன், எனக்காக எதுவும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். அவருடைய ஜெர்மனிப் பேருந்து வியாழக்கிழமை காலை ஆறரைக்கு. வழக்கை மறுபடி திறந்தால் சாட்சி சொல்ல அவர் ஊரிலேயே இருந்தாக வேண்டும், இல்லையா?