சுவர் மாஸ்டர் விட்டுச் சென்ற நான்கு சொற்கள்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நம் பார்வையற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் என்னோடு துயரத்தைப் பகிர்ந்து அமர்ந்திருப்பவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் தங்கை போன்ற மாஸ்டரின் மனைவியே, வேலைக்குப் போகாமல் வந்திருக்கும் காலை வகுப்பு மாணவர்களே, வணக்கம்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. இந்த ஆண்டில் நான் பேசும் நான்காவது இரங்கல் கூட்டம் இது. பள்ளியில் முப்பத்தோரு ஆண்டு பேசிப் பழகிய தொண்டைதான்; ஆனாலும் இன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் அவர் படம் ஒன்று இருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கு நான் சொன்னால்தான் தெரியும். வெள்ளைச் சட்டை. சிரிப்பு இல்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது! ஆமாம், இடது பக்கம், நன்றாகவே சாய்ந்திருக்கிறது. "ஃபோட்டோக்காரர் நேரா உட்காருங்கன்னு மூணு தடவை சொன்னாரு. இவரு, 'எனக்கேவா?'ன்னு கோவிச்சுக்கிட்டு எழுந்து வந்துட்டாரு" என்று தங்கை நேற்று சொன்னார். நம்மையெல்லாம் நிமிர்த்திய மனிதர் தனக்காக ஒரு நிமிடம் நேராக உட்காரவில்லை!

அவருக்குச் 'சுவர் மாஸ்டர்' என்று பெயர் வைத்தது நீங்கள்தான். சங்கத்தில் அவர் நடத்திய காலை உடற்பயிற்சி வகுப்புக்கு யார் வந்தாலும் முதலில் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைப்பார். குதிகால், இடுப்பு, தோள், தலை. இந்த நான்கும் சுவரைத் தொட வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள் பெரியவர்கள். இவர் சுவரை வைத்தே சித்திரம் வரைந்தார்.

ஏன் இந்தப் பாடு? வாத்தியார் புத்தி, ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறோம். கண் தெரிபவரின் தலை தானே நிமிரும், பேருந்து வருகிறதா என்று பார்க்க. தெரிந்தவர் எதிரே வந்தால் நிமிரும். மேகம் கறுத்தால் நிமிரும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. பார்ப்பதற்கு எதுவுமில்லாத போது தலை எதற்காக நிமிர வேண்டும்? தன் ஐந்து கிலோ எடையையும் நெஞ்சின் மேல் இறக்கி வைத்துவிடும். கழுத்து வலிக்கும், முதுகு வளையும், மூச்சு குறையும். இதை எனக்கு யார் சொல்லித்தந்தார்? பார்வையற்ற பிள்ளைகளுக்கு முப்பத்தோரு ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கு, அவர்தான் சொல்லித்தந்தார்.

அதுவும் எப்படி? பள்ளிக்கு வெள்ளைக் கோல் வாங்கும் பொறுப்பு என்னுடையது. எல்லாருக்கும் ஒரே அளவு வாங்கினேன், பதினோரு ஆண்டு! மாஸ்டர் எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்த முதல் வாரமே ஒரு கோலைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சார், ஸ்டிக்கு குட்டையா இருந்தா ஆளும் குட்டையாயிடுவான் சார். நெஞ்செலும்பு வரைக்கும் வரணும். நம்ம பசங்க தரையில காசு தேடுற மாதிரி நடக்கறாங்க, பாக்கலையா நீங்க?" பார்த்தேன். தினமும் பார்த்தேன். குனிவது பார்வையின்மையோடு சேர்ந்தது என்று நினைத்தேன். நான் வாங்கிக் கொடுத்த கோல்தான் குனிய வைத்தது என்று தோன்றவே இல்லை.

நம் டெலிஃபோன் ஆபரேட்டர் அம்மா இங்கே இருக்கிறார். கழுத்துவலியோடு சங்கத்துக்கு வந்தவர். முதல் நாளே, "நிமிர்ந்து நான் யாரைப் பாக்கப் போறேன் மாஸ்டர்?" என்று கேட்டார். "யாரையும் பாக்க வேணாம்மா, முழுசா மூச்சு விடு. பாதி மூச்சுலயே இத்தனை பேச்சு பேசுற!" என்றார் மாஸ்டர். அறையே சிரித்தது. அம்மாவும் சிரித்தார், சிரிக்கும்போது அவர் தோள்கள் சுவரைத் தொட்டன.

ஒருநாள் துண்டால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களின் முதுகை மாஸ்டர் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இதென்ன விளையாட்டு என்றேன். "சட்டை பொய் சொல்லும் சார், கைக்குத் தப்பாது. அதுவுமில்லாம, கண்ணால பாத்துத் திருத்தினா எனக்கப்புறம் இன்னொரு கண்ணு தேடணும். கையால திருத்தக் கத்துக்கிட்டா இவங்கள்லயே ஒருத்தர் போதுமே." என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

சென்ற சனிக்கிழமை மாஸ்டர் தூக்கத்திலேயே போய்விட்டார். ஞாயிறு மாலை, அடக்கம் முடிந்து, செயற்குழுவில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். இனி யார் வகுப்பு எடுப்பது? செயலாளர் என்ற முறையில் நான்தான் சொன்னேன், "ஆள் இல்லை, நிறுத்திடுவோம்" என்று. கூடத்தை வேறு எதற்குத் தருவது என்று இன்று முடிவு செய்வதாக இருந்தோம். 'மறு அறிவிப்பு வரை வகுப்பு இல்லை' என்று கொட்டை எழுத்தில் தாளில் எழுதி, கூடத்துக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

நீங்கள் சிரிக்கலாம். யாருக்காக ஒட்டினேன்? எந்த மாணவர் அதைப் படிப்பார்? முப்பத்தோரு ஆண்டு அனுபவம்!

திங்கள் காலை, மாஸ்டரின் துண்டுகளை எடுத்து வைக்கலாம் என்று வந்தேன். படியேறும்போதே குரல் கேட்டது. "குதிகால்! இடுப்பு! தோள்! தலை!" பூட்டிய கதவுக்கு வெளியே, நடையில், பதினான்கு பேர் சுவரோடு நின்றிருந்தார்கள். ஆபரேட்டர் அம்மா ஒவ்வொரு முதுகாகத் தொட்டுக்கொண்டு வந்தார். நம் பேக்கரிக்காரர் என் அறிவிப்பின் மேலேயே பின்தலையை அழுத்தி நின்றார். தாள் கசங்கிப்போயிருந்தது.

"படியில யாரு, சாரா? காலைத் தேய்க்காதீங்க சார், தூக்கி வைங்க" என்றார் அம்மா. பிறகு கேட்டார்: "இங்க என்னமோ தாள் ஒட்டியிருக்கே, என்ன எழுதியிருக்கு?"

"பழைய தாளும்மா, ஒண்ணுமில்ல" என்றேன்.

"கோந்து வாசனைகூட இன்னும் போகலையே சார்" என்றார்.

மிச்சப் படிகளையும் ஏறி அவர் பக்கத்தில் வந்தேன். அவர் கை என் முதுகுக்கு வந்தது. "ரெண்டு தோளும் முன்னாடி வந்துடுச்சு. ரொம்ப அலுப்பா சார்? சுவர்ல எடம் இருக்கு, வந்து நில்லுங்க." பேக்கரிக்காரர் நகர்ந்து இடம் விட்டார். நின்றேன். ஐந்து நிமிடம். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆள் இல்லை என்று சொன்னவன் நான். ஆளைப் பார்க்கத் தெரியாமல் சொன்னேன். தலைவர் அவர்களே, இந்தச் சபையில் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கூடத்தின் சாவி என் பையில் இருக்கிறது. உங்கள் அனுமதியோடு, மாஸ்டரின் இடத்தில் நிற்கும் அந்த அம்மாவிடம் அதைத் தருகிறேன். நீங்கள் தலையசைத்ததை எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்: தலைவர் சம்மதித்துவிட்டார்! வாங்கம்மா. இந்தாங்க.

மாஸ்டரே, நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான். துண்டுகளைத் துவைத்து மடித்து வைப்பேன். புதிதாக வருபவருக்கு நெஞ்செலும்பு வரை அளந்து கோல் வாங்குவேன். திங்கள்தோறும் ஆறு மணிக்குச் சுவரோரம் நிற்பேன். எந்தத் தாளையும் ஒட்ட மாட்டேன்.

இப்போது ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். நிகழ்ச்சி நிரலில் 'தலை குனிந்து' என்று அச்சாகியிருக்கிறது. அந்தத் தவறும் என்னுடையதுதான். மாஸ்டர் படத்தில் சாய்ந்தே இருக்கட்டும். அவர் இனி ஓய்வெடுக்கலாம். நாம் எழுந்து நிற்போம். அம்மா, நீங்கள் ஒருமுறை சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு யாரும் பேச வேண்டாம்.

"குதிகால். இடுப்பு. தோள். தலை."