கூடப்போன நாய்

ஓர் உயிரின் விலை கொழும்பில் ஒரு ரூபாய், இன்ஸ்பெக்டர் ஐயா. பேரம் கிடையாது. முனிசிப்பல் வண்டி பிடித்துப்போன நாயை மூன்று நாளுக்குள் அந்த ரூபாயைக் கட்டி மீட்காவிட்டால், அறைக்குள் அடைத்து மூச்சை நிறுத்திவிடுவார்கள். வெள்ளவத்தையில் சரோஜினிதேவி அம்மா, புரொக்டர் வக்கீல் ஒருவரின் விதவை, அந்த ரூபாயைக் கட்டத் தொடங்கினார். அவர் வீட்டுப் பின்வளவில் கிடுகுக் கொட்டில்கள் போட்டு நாய்களை வைத்தோம். நான் மனேஜர். கொட்டாஞ்சேனையில் அப்பாவின் புடவைக்கடை நொடித்தபிறகு எனக்குக் கிடைத்த மரியாதையான உத்தியோகம் அது ஒன்றுதான்.

நாற்பது நாய்க்குத்தான் இடம். ஈஸ்டர் ஞாயிறு யப்பான்காரன் குண்டு போட்டதும் வெள்ளவத்தையில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துக்கு ரெயில் ஏறினார்கள். தையல் மெஷின் ஏறியது, ஊறுகாய் ஜாடி ஏறியது. நாய்க்கு டிக்கட் எடுத்தவர் ஒருவருமில்லை. எங்கள் கேற்றில் கட்டிவிட்டுப் போனார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டினார்கள். ஹெவ்லொக் டவுன்காரர் காரில் கொண்டுவந்து கட்டினார்கள். நாய்கள் நூற்று முப்பதாயின. ஒன்றின் சோற்றை மற்றது பறித்தது. சொறி மட்டும் எல்லாவற்றுக்கும் சமமாகக் கிடைத்தது. அரிசியோ கூப்பனுக்கு. ஒன்றையும் கொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஒன்றையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது இன்னொரு கட்டளை. இரண்டையும் ஒரே வளவுக்குள் நடத்துவது என் பாடு. களைத்துப்போனேன் ஐயா. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

அப்பாவின் கடையில் விலைபோகாத புடவையை நல்ல புடவையோடு சேர்த்துக் கட்டித் தள்ளுவோம். கூடப்போவது என்று அதற்குப் பெயர். அதையே இங்கும் செய்தேன். அழகான குட்டி கேட்டு வருகிறவர் கிழட்டு நாய் ஒன்றையும் கொண்டுபோக வேண்டும். முணுமுணுத்தார்கள், கொண்டுபோனார்கள். போன இடத்தைக் கேற்றில் வந்தவை நிரப்பின. என்றாலும் அம்மா என்னை மெச்சினார்.

ஒருநாள், நாய்களுக்குச் சோறு காய்ச்சும் குப்பாயி ஒரு மண்ணிறப் பெட்டையைக் காட்டினாள்.

"தண்ணியக் கண்டா மொகத்தத் திருப்புதுங்க ஐயா. வாயி மூடமாட்டேங்குது. எனக்கு நல்லதாப் படல."

எனக்கும் படவில்லை. விசர், அதுதான் நாய்வெறி, என்ற சொல் முனிசிப்பலுக்கு எட்டினால் நூற்று முப்பதில் ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டார்கள். அம்மாவிடம் சொன்னால் அவரே போய்ச் சொல்லிவிடுவார்; அப்படிப்பட்ட மனுஷி. அடித்துப் போட்டிருக்கலாமே என்பீர்கள். கொல்லக்கூடாது என்பது கட்டளை. நான் சம்பளம் வாங்குகிறவன்.

அடுத்தநாள் காலை பொன்னம்பலம் வந்தார். ரெயில்வே கிளாக்கர்; ஊருக்கு ஓடாமல் நின்ற சிலரில் ஒருவர். மகள் பாலேஸ்வரிக்கு வெள்ளைக்குட்டி ஒன்று வேண்டும் என்றார். கூடப்போவதற்கு மண்ணிறத்தை அவிழ்த்தேன்.

"இது என்ன தம்பி, பேசாமல் கிடக்குது? நோய் வருத்தம் ஏதும் இருக்கோ?"

"சாதுவான சாமான் அண்ணை. குரைச்சு அயலட்டையோட சண்டை வராது."

அவர் சிரித்தார். கயிற்றைக் கையில் கொடுத்தேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"அது செத்துப்போச்சு தம்பி. பிள்ளை அதுக்குச் சோறு தீத்தேக்க விரலில பல்லுப் பட்டது. கீறல்தான். ஊசி போடவேணுமோ?"

வாங்க வருகிறவன் எந்த விலையைக் கேட்க ஆசைப்படுகிறான் என்பது, கடையில் வளர்ந்தவனுக்கு அவன் வாய் திறக்குமுன்பே தெரிந்துவிடும். பொன்னம்பலம் 'வேண்டாம்' என்ற சொல்லை வாங்க வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால், நாய் எங்கிருந்து வந்தது என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

"கிழட்டு நாய் அண்ணை, வெயிலுக்குச் செத்திருக்கும். ஊசியெண்டால் வயித்தில பதினாலு. பிள்ளை தாங்குமோ?"

நெற்றியைத் துடைத்தார். எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிள்ளை போன வெள்ளிக்கிழமை பெரியாஸ்பத்திரியில் முடிந்தது. கட்டிலில் கட்டிவைத்திருந்தார்களாம். திங்கட்கிழமை முனிசிப்பல் வந்து கொட்டில்கள் எல்லாவற்றையும் காலியாக்கியது. அம்மா கேற்றில் நின்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அவ்வளவு பெயரும் தெரியாது.

குப்பாயி உங்களிடம் சொன்னதில் ஒரு பொய்யுமில்லை. தெரிந்துதான் நாயைக் கொடுத்தேன். தெரிந்துதான் ஊசி வேண்டாம் என்றேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் கணக்கில் பற்றை எழுதுகிறவர் வரவையும் எழுதவேண்டும். நான் வாய் திறக்காததால் நூற்று முப்பது நாய்கள் ஆளுக்கு ஐந்து வாரம் கூட உயிரோடு இருந்தன. கூட்டிப் பார்த்தேன், பன்னிரண்டரை வருடம் வருகிறது. பாலேஸ்வரிக்கு வயது ஒன்பது. கழித்தால், மூன்றரை வருடம் எனக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.