இரும்பு மாத்திரையும் ஏழூர்ப் பூனைகளும்

மீசையால் எல்லையைக் காத்து, இன்று இந்த நாற்காலியைக் காத்துக்கொண்டிருக்கும் தலைவர், ஓய்வுபெற்ற சுபேதார் உக்கிரபாண்டி அவர்களே! பேண்டேஜ் துணி நெய்து பாரெங்கும் புண்ணாற்றும் இராஜபாளையத்துப் பெருமக்களே! மில்லில் நூலையும் வீட்டில் எங்களையும் முறுக்கி எடுக்கும் தாய்மார்களே! டீ வரும்வரை எழுவதில்லை என்று உறுதிபூண்ட பெரியோர்களே!

இந்த உடல்நல விழாவில், நஸ்ருதீனாகிய நான், ஒருவரும் நம்பாத ஒரு கதையைச் சொல்வேன் என்று சத்தியம் செய்கிறேன்.

என் அக்கா மகள் ஃபாயிஸா போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சம் ஓட்டம். நானூறு மீட்டர். பிள்ளையோ பாதித் தூரத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறாள். ஓட்டம் போனால் காக்கிச் சட்டையும் போச்சு! தாய்மாமன் சும்மா இருப்பேனா? துபாயிலிருந்து வருகிறவர்கள் சென்ட் பாட்டிலோடு சத்து மாத்திரை பாட்டிலும் தருவார்கள் அல்லவா? சொந்தக்காரர் வீடுகளில் தூங்கிக் கிடந்த அத்தனையையும் அள்ளி வந்தேன். கால்சியம்! மீன் எண்ணெய்! முடிக்கு ஒன்று, நகத்துக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாதவை பல! தினமும் விடியலில் ஒரு கைப்பிடி. அதை இறக்க ஒரு சொம்பு டீ.

விளைவை என்னென்பேன்! அவள் கதவைத் தட்டினால் அடுத்த தெருவில் வாசல் நிலை பெயர்ந்தது. இராஜபாளையத்தில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, பின்னல் நுனி ஸ்ரீவில்லிபுத்தூரில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தது! மீன் எண்ணெய் வாசத்துக்கு வத்திராயிருப்பு, மம்சாபுரம் என ஏழூர்ப் பூனைகள் ஊர்வலமாய்ப் பின்தொடர்ந்தன.

யாரது, வேல்பாண்டியா? "எம்புட்டுப் பூனை அண்ணாச்சி?" என்கிறாயே! ஏலே, எண்ணவிட்டால்தானே!

இத்தனை அதிசயம் நடந்தும், ஐயா, பயிற்சி மைதானத்தில் பாதித் தூரத்தில் மறுபடி மயங்கினாள்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் கனகலட்சுமி ரத்தம் பார்த்தார்.

"ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கு. என்னம்மா மாத்திரை போடுத?"

என் அக்கா மாஜிதா பையைக் கவிழ்த்தாள். மேசை மறைந்தது, டாக்டரும் மறைந்தார். பாட்டில் மலைக்கு அப்பாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாரு குடுத்தது இதெல்லாம்?"

"எந்தம்பிதான். அந்தா, கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கான்."

"இதுல இரும்புச் சத்தும் இருக்கே! எதோட முழுங்குத?"

"டீயோட, டாக்டர்."

"டீயோட போட்டா இரும்பு ஒடம்புல சரியாச் சேராது தாயி!"

பாட்டில்கள் பைக்குத் திரும்பின. மிஞ்சியது டாக்டர் தந்த ஒரு சின்னச் சிவப்பு இரும்பு மாத்திரை. கூடவே எலுமிச்சைச் சாறு. டீ வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

மொச்சையை விடச் சிறியது ஐயா அது! அதற்குள் எத்தனை ஓட்டம் சுருண்டு கிடந்தது! சில மாதங்களில் வெளுத்த உதடு சிவந்தது. தேர்வு நாளில் விசில் ஊதியதும் ஓடினாளா? பாய்ந்தாளா? பறந்தாளா? பக்கத்துத் தண்டவாளத்தில் செங்கோட்டை ரயில், "செத்த நேரம் நில்லு தாயி, மூச்சு வாங்குது" என்று கெஞ்சியது!

சத்து கைப்பிடியிலா இருக்கிறது? இல்லை! பாட்டிலின் மினுக்கிலா? இல்லை! துபாய் முத்திரையிலா? இல்லவே இல்லை! முதலில் உங்கள் ரத்தத்தைக் கேளுங்கள், டாக்டரைக் கேளுங்கள், பொறவு மாத்திரையைத் தேடுங்கள்!

பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. சிரித்தவர்களுக்கு நன்றி, நம்பாதவர்களுக்கு இரட்டை நன்றி. அனைவருக்கும் என் வணக்கம். கதவு பொய். பின்னல் பொய். பூனையும் ரயிலும் பெரும்பொய். ஆனால், அதோ டீ வந்துவிட்டது. கூட்டத்தின் கடைசியில் காக்கிச் சட்டையில் காவலுக்கு நிற்கும் ஒருத்தி மட்டும் டம்ளரை வாங்காமல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், பாருங்கள். அந்தச் சின்ன இடம் மட்டும் உண்மை.