அண்ணன் குரலுக்குப் போட்ட பூட்டு

பெயர், முகவரி மேலே எழுதியபடி. வயது முப்பத்து நான்கு. கணினி நிரல் எழுதுவது தொழில். வீட்டில் என்னை வாலு என்பார்கள். புகார் கொடுத்திருப்பவர் இறந்துபோன என் அண்ணனின் மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

அண்ணன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆன பிறகு அவருக்குக் குரல் போய்விட்டது. அதன் பிறகு அவருடைய பழைய பதிவுகளை வைத்து, அவர் தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே பேசும் நிரல் ஒன்றைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்ட வேண்டும். அண்ணியிடம் தண்ணீர் கேட்பதைக்கூட "பயணிகள் கவனத்திற்கு" என்றுதான் தொடங்குவார். அவர் வேலைக்குத் திரும்புவதற்காகப் பேருந்து நிலையக் கணினியிலும் அதைப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் நிலையத்தார் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

"நான் சொல்லாத பஸ்ஸெல்லாம் என் குரல்ல கெளம்புதுடா. பூட்டு போடு" என்றார் அண்ணன்.

நான் பேருந்து நிலையத்துக்குப் போய் அங்கிருந்ததை அழித்தேன். பைத்தான் நிரல் யாரும் திறந்து படிக்கக்கூடிய எழுத்து. பாஸ்வேர்டு கேட்கும் வரியை யார் வேண்டுமானாலும் நீக்கிவிடலாம். ஆகவே பாஸ்வேர்டு இல்லாமல் குரல் கோப்பே திறக்காதபடி பூட்டினேன். பாஸ்வேர்டை அண்ணனே போட்டார், அவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசி வாரத்தில் அவரால் தட்டச்சு செய்ய முடியாததால், உதட்டசைவில் பாஸ்வேர்டைச் சொல்லி என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அப்போது, "நான் போனப்புறம் என் வாயால யாரும் பேசக் கூடாது. நீயும்தான்" என்றார்.

அண்ணன் இறந்த பிறகு, ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்றார் அண்ணி. பாஸ்வேர்டு அண்ணனோடு போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

போன ஞாயிறு மாலை என்னால் தாங்க முடியவில்லை. பாஸ்வேர்டைப் போட்டு ஒரே ஒரு வரி தட்டச்சு செய்தேன், அண்ணன் குரல் ஒலித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அதன் பிறகு என் கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. அதன் பிறகுதான், அண்ணன் குரலை அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறேன் என்ற இந்தப் புகார்.

அனுமதியில்லாமல் பயன்படுத்தியது நான்தான். இன்று இங்கே காவல் நிலையத்தில், அதிகாரி முன்னால், பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அண்ணி வாங்கவில்லை.

"அன்னிக்கு அவர் என்ன சொன்னார் தம்பி? சரியா கேக்கல."

"'சாப்டியாடா வாலு'ன்னு... அவ்வளவுதான் அண்ணி."

"என்னப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையெழுத்து)