சகாயம்மாளின் மூளை

ஜன்னல் திறந்தே இருக்கட்டும், இன்ஸ்பெக்டர். கொள்ளிடக் காற்று இல்லாமல் ஸ்ரீரங்கத்துச் சித்திரையில் உட்கார்ந்து பேச முடியாது.

என் அண்ணாவிலிருந்து தொடங்குகிறேன். சித்தம் கலங்கி வெகுகாலம் கிடந்தார். குலசாபம் என்றார்கள், தங்கைக்கு வந்த வரனெல்லாம் திரும்பிப் போயிற்று. அவர் இறந்தபோது, கொள்ளி வைப்பதற்கு முன், மூளையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். வெள்ளிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கரிய திட்டுகள். ஏதோ புரதக் கசடு உறைந்து படிந்திருந்தது. பாவமும் இல்லை, சாபமும் இல்லை. அன்றுதான் அவருக்காக அழுதேன்.

சக டாக்டர்களிடம் காட்டினேன். “ஒரே ஒரு மூளையை வெச்சுண்டு என்ன ஓய் சொல்றது?” என்று சிரித்தார்கள். நியாயமான கேள்வி. அதன் பிறகுதான் மனநோயாளிகளுக்காக இந்த விடுதியைத் தொடங்கினேன்.

சகாயம்மாளைப் பாலக்கரையிலிருந்து அவள் புருஷன் தங்கையன் கூட்டிவந்தான். சுவரோடு பேசுவாள், சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளுவாள். அண்ணாவுக்கு இருந்த, நான் தேடிய நோய் அப்படியே இருந்தது. ஆனால் பங்குனி பிறந்ததும் தெளிய ஆரம்பித்தாள். சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தானே தலை பின்னிக்கொண்டாள்.

“டாக்டரய்யா, நல்லாத்தான் பேசுறா. கூட்டிட்டுப் போயிடவா? புள்ள அம்மாவக் கேட்டு ஏங்குதுங்க” என்றான் தங்கையன்.

“ஞாயித்துக்கிழமை வா, அனுப்பிடறேன்” என்றேன்.

அந்தத் தெளிவு தற்காலிகம் என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்குப் போய் இறந்தால் நேரே கல்லறைத் தோட்டம். அந்த மூளை யாருக்கும் பயன்படாது. சனிக்கிழமை தூக்கமருந்தைக் கூட்டிக் கொடுத்தேன்.

“ரொம்பக் கசக்குதுங்க.”

“குடிச்சுடும்மா. நாளைக்கு உன் வீட்டுக்குப் போகலாம்.”

நம்பிக் குடித்தாள்.

மறுநாள் தங்கையன் புதுச்சேலையோடு வந்தான். இதயம் நின்றுவிட்டது என்றேன். “கடைசி வரைக்கும் நீங்க பாத்துக்கிட்டீங்களே, அது போதுங்கய்யா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் அவள் தலையில் தையலைப் பார்த்திருக்காவிட்டால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள்.

அவள் மூளையை எங்கெங்கோ அரிந்து, அதே வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஒரு திட்டுகூட இல்லை. அவ்வளவு சுத்தம்.

அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குணமான ஒரு பெண்ணைக் கொன்றதாக எழுதிவிடாதீர்கள். சாயம் சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.