கிராஞ்சிக்கு அனுப்பியாச்சு

உங்கள் ஸ்டேஷன் கோப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை. கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மருந்துக்கடைக்குத் தலைமை அலுவலகம் தேக்காவில். கிளைகள் செங்காங், பொங்கோல், கிராஞ்சி. கணினி எல்லாம் என் பொறுப்பு. விலை மாறினாலும், ஒரு மருந்தை நிறுத்தினாலும் இங்கிருந்து கோப்பு அனுப்புவேன். அது கிளையில் ஒரு கணினிக்குப் போய், அங்கிருந்து கல்லாக்களுக்குக் கைமாறும். அந்தக் கணினியை ரிலே என்போம். எப்போதும் ஓடுகிற கணினியைத்தான் ரிலேயாக வைக்க வேண்டும். எல்லாக் கிளையிலும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

கிராஞ்சி மேலாளர் நஃபீசா நல்ல பெண். கிளம்பும்போது தன் கணினிக்குச் சுவரிலிருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுவாள். "கரண்ட் வேஸ்ட் லா" என்பாள். சனி, ஞாயிறு அவளுக்கு லீவு, கடைக்கு இல்லை.

எல்லாருக்கும் நான் பாக்கியம் அக்கா. அவள் மட்டும் மீட்டிங்கில், அத்தனை பேர் முன்னால், "ஆன்ட்டி, சிஸ்டத்தை இனி நாங்க பாத்துக்கறோம், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் கிராஞ்சி ரிலேயை அவள் கணினிக்கு மாற்றினேன். கோபமெல்லாம் இல்லை. கோப்பு தாமதமானால் முதலாளியிடம் திட்டு வாங்குவாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, அவள் வீட்டுக்குப் போன பிறகு, ஓர் இருமல் மருந்தில் விஷம் கலந்திருப்பதாகத் தகவல் வந்தது. கோப்பு போய்ச் சேர்ந்தால் கல்லா அந்தப் பாட்டிலுக்குப் பில் போடாது. முதலாளி சேக் தாவூது ஓடி வந்தார்.

"பாக்கியம், எல்லாக் கிளைக்கும் அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு, பாய்."

போய்ச் சேர்ந்துச்சா என்று அவர் கேட்கவில்லை. திரையில் கிராஞ்சிக்கு நேரே மஞ்சளாக ஒரு புள்ளி, 'காத்திருக்கிறது' என்று. போன் அடித்திருக்கலாம்தான். நஃபீசா எடுத்து, "தேங்க்ஸ், ஆன்ட்டி" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வெங்கட் என்று, தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்த ஒருவன் கிராஞ்சிக் கடையில் அந்தப் பாட்டிலை வாங்கியிருக்கிறான். திங்கட்கிழமை வேலைக்குப் போகிற லாரியில் அவன் ஏறவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டானாம்.

சுவிட்சை அணைத்தது நஃபீசா, சார். அவள் அணைப்பாள் என்று தெரிந்து ரிலேயை அங்கே வைத்தது நான். இரண்டு நாளும் வீட்டிலிருந்தே அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, ஆன்ட்டி" என்கிறீர்கள். போடுகிறேன்.

ஆமாம் தம்பி, வீட்டுக்குப் போகும்போது உங்கள் கணினியை அணைத்துவிட்டா போவீர்கள்?