ஆயுத பூஜை அன்று அண்ணனுடன் கடைக்குப் போனது பற்றி

பெயர் வர்ஷினி, வயது 27, கணவர் பெயர் பாரத் (இறந்துவிட்டார்), தகப்பனார் பெயர் கனகசபை. கொட்டிவாக்கம் கடற்கரைப் பக்கம் வாடகை வீட்டில் வசிக்கிறேன். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாக முன்வந்து குற்றவியல் நடுவர் அவர்கள் முன் கூறுவதாவது:

என் பெற்றோர் மயிலாப்பூரில் வசிக்கிறார்கள். அப்பாவுக்கு அங்கே இரும்புச் சாமான் கடையும் கிடங்கும் உண்டு. என் கணவர் மீன் லோடு அடிக்கும் குட்டி யானை வண்டி வைத்திருந்தார். எங்கள் திருமணத்துக்கு அப்பா சம்மதிக்காததால் கடந்த தை மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அதன் பிறகு என் வீட்டார் யாரும் என்னுடன் பேசவில்லை. ஆயுத பூஜைக்குச் சில வாரங்களுக்கு முன்பு என் அண்ணன் சாய்சரண் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். என் கணவர் வறுத்துத் தந்த மீனை அண்ணன் சாப்பிட்டார். வண்டி எந்த நாளில் ஓடாது, பக்கத்து வீடுகளில் பகலில் ஆள் இருப்பார்களா என்றெல்லாம் கேட்டார். அண்ணன் அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் அண்ணன் காரில் வந்து, லீவு நாள்தானே, தி.நகர் போய் எனக்குப் புடவை எடுத்துத் தருவதாகவும் வெளியிலேயே சாப்பிடலாம் என்றும் அழைத்தார். என் கணவரை அழைக்கவில்லை. நான் தயங்கியதைப் பார்த்து என் கணவர், "போய்ட்டு வா. எனக்கு வண்டி கழுவி பூஜை போடுற வேலை கீது. உங்க அண்ணன் வந்து கூப்புடுறாரே, அதுவே பெருசு" என்றார். நான் கிளம்பும்போது அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் முன்கண்ணாடியை சோப்புத் தண்ணீரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு தி.நகரில் ஒரு பட்டுக் கடைக்குப் போனோம். நான் ஒரு பருத்திப் புடவை போதும் என்று சொல்லியும் அண்ணன் கேட்காமல் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்தார். பிறகு என் கணவருக்குச் சட்டை எடுக்க அளவு கேட்டார். நாற்பது என்றேன். அவர் நீலச் சட்டை ஒன்றைக் கையில் எடுத்து, நெடுநேரம் வைத்திருந்துவிட்டு, மடித்துத் திரும்ப வைத்துவிட்டார். நிறம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மயிலாப்பூரில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். எனக்குப் பிடித்ததை எல்லாம் வரவழைத்துவிட்டு அண்ணன் தன் இலையைத் தொடவில்லை. அடிக்கடி போன் வந்து வெளியே போய்ப் பேசினார். என் போனில் சார்ஜ் குறைந்திருந்ததால் தானே வாங்கிக் காரில் சார்ஜ் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றேன். இன்னும் ஒரு இடம் இருக்கிறது என்று அடையாறில் ஒரு ஓட்டலில் இருக்கும் பப்புக்கு அழைத்துப் போனார். ஆபீஸ் நண்பர்களுடன் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போயிருப்பதால் எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் லைம் சோடா குடித்தேன். அண்ணன் பீர் மேல் பீராக வாங்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்ஷி, இன்னிக்கு நம்ம வீட்டுக்கே வந்துடு. அங்க போகாத" என்றார். என் கணவர் எனக்காகக் காத்திருப்பார் என்று சொன்னேன். அதற்கு அண்ணன், "இருக்க மாட்டான்" என்றார்.

பூஜை முடிந்து எங்காவது கிளம்பியிருப்பார் என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அண்ணன் அழுதார். போதையில் அழுகிறார் என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு கார் சாவியை வாங்கிப் போய் என் போனை எடுத்தேன். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போட்டதும் பக்கத்து வீட்டு ஜாஸ்மினிடமிருந்து அழைப்பு வந்ததாகக் குறுஞ்செய்திகள் வரிசையாக வந்தன. திருப்பி அழைத்தேன். "எங்கக்கா கீற நீ, பாரத் அண்ணன வெட்டிட்டாங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறோம்" என்றார். அண்ணன் என் பின்னால் வந்து நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நான் ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினேன். அவர் புடவைப் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

நான் போய்ச் சேரும் முன்பே என் கணவர் இறந்துவிட்டார். பிற்பகலில் வண்டிக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தவரை இருவர் வந்து வெட்டியதையும், அதில் ஒருவர் என் அப்பாவின் கிடங்கில் வேலை செய்யும் பாலு என்பதையும் ஜாஸ்மின் நேரில் பார்த்துச் சொன்னார். பாலு முன்பு எங்களுக்குச் சீர்வரிசைப் பாத்திரம் கொண்டுவந்து இறக்கியபோது ஜாஸ்மின் அவரைப் பார்த்திருக்கிறார். அந்தப் பாத்திரங்களை அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்பியவர் என் அம்மா சூடாமணி.

மறுநாள் பிணவறை வாசலில் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "அப்பா பண்ணதுக்கு அப்பா ஜெயிலுக்குப் போகட்டும். சரண் உன்னக் கடைக்குத்தான் கூட்டிட்டுப் போனான்னு மட்டும் சொல்லு. அவனும் போய்ட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்று கேட்டார். அடக்கம் முடிந்த பிறகு என் மாமனார் ரங்கன், "உம்மேல தப்பு இல்லம்மா. ஆனா உன்னப் பாக்க முடியல, போய்டு" என்றார்.

அண்ணனுக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியும் என்று சொல்கிறேன். சட்டையைத் திரும்ப வைத்தபோதும், இலையைத் தொடாமல் இருந்தபோதும், பப்பில் அழுதபோதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சாப்பிடப் போனதிலிருந்து என் போன் அவர் காரில்தான் இருந்தது. சிறுவயதில் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். இதைச் சொல்வதால் என் கணவர் திரும்பி வரப்போவதில்லை, எனக்கென்று ஒரு வீடும் மிஞ்சப்போவதில்லை என்பது தெரிந்தே சொல்கிறேன்.

நான் கூறியபடியே எழுதப்பட்ட இது எனக்கு முழுவதும் படித்துக் காட்டப்பட்டது, அனைத்தும் உண்மை. என் அண்ணன் பெயர் வரும் இடங்களில் ஏதாவது திருத்தம் வேண்டுமா என்று நடுவர் அவர்கள் இரண்டாம் முறை கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பா. வர்ஷினி